காப்புக்குள் எட்டு நாள்

பங்குனி மாதத்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செங்கரைப்பட்டி முத்துமாரிக்குக் காப்புக் கட்டியபோது கோயில் வாசலில் நின்றவர்கள் இவர்கள்: பூசாரி திருமுருகன். முதல் மரியாதைக்காரர் நாகராசு. அவருடைய பெரியப்பா மகன் ஆத்மநாதன். நாகராசின் மனைவி செவந்தி. தமுக்கு அடித்து ஊருக்குச் சொல்லும் சோமு. மேளக்காரர் இரண்டு பேர். கடலைக்காட்டிலிருந்து நேராக வந்து கைமண்கூடக் கழுவாமல் நின்ற ராக்காயி, அவளோடு கடலை பறிக்கும் மீனம்மாள், அழகி. மற்றவர்கள் பந்தலுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து எதுவும் பார்க்க முடியாது. பின்னால் அதிகம் பேசியவர்கள் அவர்கள்தான்.

நாகராசின் மகள் ராஜலட்சுமி அங்கே இல்லை. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

காப்பு என்றால் எட்டு நாள். அம்மன் கையில் மஞ்சள் துணி ஏறுகிற நேரத்தில் யார் ஊர் எல்லைக்குள் இருக்கிறார்களோ அவர்கள், எட்டாம் நாள் அதை அவிழ்க்கும் வரை வேறு ஊரில் இராத் தங்கக் கூடாது. பகலில் இலுப்பூருக்குப் போகலாம், குடுமியான்மலைக்குப் போகலாம். பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். வீட்டில் கவிச்சி கிடையாது, தாளிப்பும் கிடையாது. வேலைக்குப் போகும் பிள்ளைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். காப்புக்கு முன்னால் எல்லையைத் தாண்டிவிட்டால் கட்டுப்பாடு இல்லை. எட்டாம் நாள் வந்து சாமி கும்பிட்டுக்கொள்ளலாம். அதனால் காப்புக் கட்டும் அன்று மத்தியானத்திலிருந்தே இலுப்பூர் போகும் பேருந்தில் நிற்க இடம் இருக்காது.

ராஜலட்சுமியும் பத்து வருடமாக அப்படித்தான் செய்துவந்தாள். ஒரகடத்தில் கார்களுக்கு இருக்கை செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் ஷிப்ட் இன்சார்ஜ். முப்பத்திரண்டு வயது. நூற்றெண்பது பேர் அவள் சொல்படி வேலை செய்தார்கள். அந்த ஊரிலிருந்து இன்ஜினியரிங் படித்த முதல் பெண் அவள். ஒரு ஆலையின் ஷிப்டை நடத்துகிற முதல் ஆளும் அவள்தான். நாகராசு இதைத் தானாகப் போய் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் சொல்வார். கேட்கும்படி நடந்துகொள்வார்.

இந்த வருடம் இரண்டு நாள் லீவில் திங்கட்கிழமை காலையில் வந்து இறங்கினாள். கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஒரு வாய் காப்பி குடித்தாள். அறைக்குள் போய்ப் படுத்தாள். திங்கட்கிழமை போய்ச் செவ்வாய்க்கிழமை மத்தியானமும் ஆகிவிட்டது. இடையில் இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடித்தாள் என்று செவந்தி சொன்னாள். ஐந்து மணிப் பேருந்துக்கு எழுப்பிவிடச் சொல்லியிருந்தாள்.

நாலரை மணிக்கு நாகராசு எழுப்பப் போனார். குளித்து, கோயிலுக்கென்று வேட்டி கட்டி, தோளில் துண்டோடு வாசற்படியில் நின்றார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இரண்டு கைப்பேசிகள் தலையணைக்கு அடியில் கிடந்தன. கணுக்காலைச் சுற்றிப் பாதுகாப்புக் காலணி அறுத்த தழும்பு கறுத்திருந்தது. அவருடைய நிழல் அவள் மேல் விழுந்ததும் கண்ணைத் திறக்காமலே பேசினாள்.

"ரெண்டு நிமிசம் சார். லைன ஓட விட்டுடுறேன் சார்."

நாகராசு அப்படியே நின்றார். அவரை அந்த வீட்டில் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அவரும் தம் வாழ்நாளில் தாசில்தாரைத் தவிர வேறு ஒருவரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மகள் குரலில் இருந்த நடுக்கம் அவருக்குப் புதிது. பத்து வயதில் கிணற்றுப்படியில் விழுந்து கை ஒடிந்தபோதும் அவள் அந்தக் குரலில் பேசவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போனார்.

கோயிலில் ஆத்மநாதன் கேட்டார், மகள் கிளம்பியாயிற்றா என்று. வீட்டில் இருக்கிறாள் என்றார் நாகராசு. "அப்பக் காப்புல மாட்டிக்கிச்சா?" என்று ஆத்மநாதன் சிரித்தார். மாட்டவில்லை, இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு நாகராசு கையை நீட்டினார். பூசாரி அம்மனுக்குக் கட்டி, தன் கையில் கட்டி, மூன்றாவதாக நாகராசின் மணிக்கட்டில் மஞ்சள் துணியைக் கட்டினார். சோமு தமுக்கை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ராஜலட்சுமி எழுந்து வந்தாள். கன்னத்தில் தலையணைக் கோடு. மேளம் கேட்டது, கனவென்று நினைத்தேன் என்றாள். செவந்தி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாகராசின் மணிக்கட்டைப் பார்த்ததும் மகளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஏம்ப்பா எழுப்பல?"

"எழுப்ப வந்தேன்."

"வந்து?"

"தூங்கிக்கிட்டு இருந்த."

"தூங்குறவங்களத்தானப்பா எழுப்புவாங்க."

வியாழக்கிழமை வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் ஆலையைப் பார்க்க வருகிறார்கள் என்று அவள் சொன்னாள். இரண்டு மாதமாக அதற்குத்தான் ராப்பகலாக நின்றதாகவும், அது நல்லபடியாக முடிந்தால்தான் புரொடக்ஷன் மேனேஜர் வேலை தருவார்கள் என்றும் சொன்னாள். விடிந்ததும் முதல் பேருந்துக்குப் போகிறேன் என்றாள்.

"போ. நான் இதக் கழட்டிப் பூசாரி கையில குடுத்துட்டு வாரேன். பெறகு போ."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். மூன்று தலைமுறையாக அந்த வீட்டுக்குத்தான் முதல் மரியாதை. சொந்த மகள் எல்லை மீறினால் அந்தத் துணி ஆத்மநாதன் கைக்குப் போகும். அவள் தகப்பன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், போட்டிருந்த சட்டையை மாற்றினாள்.

அந்த ஊரில் வீட்டுக்குள் கைப்பேசி எடுக்காது. கண்மாய்க் கரையில் ஏறினால்தான் பேச முடியும். புதன்கிழமை காலை எட்டு மணிக்கே ராஜலட்சுமி கரையில் நின்றாள். ஒரு கைப்பேசியில் ஆலைக்குள் இருப்பவர்களோடு பேச்சு, இன்னொன்றில் மேலதிகாரியோடு. கண்மாய் வற்றி நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. வெயில் கரை மண்ணைச் சுட்டது. கரைக்குக் கீழே நாகராசின் கடலைக்காடு. முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சி மண் இளக்கமாக இருந்ததால் பெண்கள் வரிசையாகக் குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நாகராசு பிடுங்கிய செடிகளை வரப்போரம் அடுக்கிக்கொண்டிருந்தார். மேலே பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார். ஆனாலும் பார்த்தார்.

பத்து மணிக்கெல்லாம் பெண்கள் செடிகளைப் புளியமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். வெயில் ஏறிவிட்டால் பிடுங்க மாட்டார்கள். மண் இறுகி, காய் உள்ளேயே அறுந்து நின்றுவிடும். அதற்குப் பிறகு நிழலில் உட்கார்ந்து காய் ஆய்வது மட்டும்தான். பதினொரு மணிக்குக் கம்மங்கூழ். ராக்காயி கரையைப் பார்த்துக்கொண்டே கூழைக் குடித்தாள்.

"அண்ணே, ஒங்க மக காலையிலருந்து கொக்கு மாதிரி நிக்கிதே. மீனு ஏதும் சிக்குச்சா?"

அழகி சிரித்தாள். நாகராசு காதில் விழாததுபோல இருந்தார். செவந்தி ஒரு தூக்குவாளியில் கூழும் தாளிக்காத துவையலும் எடுத்துக்கொண்டு கரைக்கு ஏறினாள். மகள் ஒரு கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றபடியே குடித்தாள். பாதியில், யாரோ ஏதோ கேட்க, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். பிறகு அதை எடுக்கவேயில்லை. எறும்பு ஏறிவிட்டது.

அன்று அவள் சாயங்காலம் ஆறு மணி வரை நின்றாள். வியாழக்கிழமையும் நின்றாள். வீட்டுக்கு வந்தால் பேச்சில்லை. மூன்று பேரும் மூன்று நேரத்தில் சாப்பிட்டார்கள். தெருவெல்லாம் ஒலிபெருக்கி, முளைப்பாரி போட்ட வீட்டில் பெண்களின் கும்மி. நாகராசின் வீடு மட்டும் துக்க வீடுபோல இருந்தது. ஊர்க்காரர்கள் வந்து விழாவைப் பற்றிக் கேட்டால் முதுகை நிமிர்த்திப் பதில் சொன்னார். அவர்கள் போனதும் பேச ஆளில்லை.

வியாழக்கிழமை நாலு மணிக்கு அவள் கரையில் உட்கார்ந்துவிட்டாள். நாகராசு கீழேயிருந்து பார்த்தார். இரண்டு நாளில் முதல்முறையாக உட்கார்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்து, பெண்கள் நடுவில் இடம் பிடித்து, ஒரு செடியை எடுத்துக் காய் ஆய ஆரம்பித்தாள்.

"கம்பெனி முடிஞ்சுருச்சா ஆத்தா?" என்று ராக்காயி கேட்டாள்.

வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றாள். சொன்ன வேகத்தில் கையும் போனது. ராக்காயி அவள் மடியை எட்டிப் பார்த்தாள்.

"என்னா வேகம். ஒன்னைய யாரு வெரட்டுறா? எளங்காயையெல்லாம் சேத்துப் பிச்சுப் போட்டுருக்க பாரு. இதெல்லாம் மாட்டுக்குத்தான் ஆகும்."

ராஜலட்சுமி மடியைப் பார்த்தாள். பால் பிடிக்காத வெள்ளைக் காய்கள் பாதிக்கு மேல் கிடந்தன. சிரிக்கப் போனவள் அழுதாள். பெண்கள் கையை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். அவர்களுக்கு அந்த மரியாதை தெரியும். பார்க்காமல் இருந்தார்களே தவிர, பின்னால் பேசாமல் இருக்கவில்லை.

வீடு திரும்பும்போது மோட்டார்க் கொட்டகைக்குப் பக்கத்தில் அவள் தகப்பனை நிறுத்தினாள்.

"அப்பா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு மேனேஜர் போஸ்ட் குடுத்துட்டாங்க. லெட்டர் ரெடியாம். போயி வாங்கிக்க வேண்டியதுதான்."

நாகராசு நிமிர்ந்தார். அவள் தரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் வாங்கிக்கப் போறதில்ல."

"ஏன்?"

"எனக்கு பதிலா இந்த ரெண்டு நாளும் அன்புச்செல்வின்னு ஒரு பிள்ள நின்னுச்சு. எனக்குக் கீழ வேல பாக்குற பிள்ள. இப்பப் பேசுனா. ரெண்டு நாளா வீட்டுக்கே போகலியாம், கை நடுங்குதாம். அதச் சந்தோசமாச் சொல்றாப்பா. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

பிறகு போன மாதம் நடந்த ஒன்றைச் சொன்னாள். ஆலைக்குள் பெரிய பலகையில் எந்த லைனில் எத்தனை இருக்கை முடிந்தது என்று எண் ஓடும். ஒரு நாள் அதன் முன்னால் நின்றவளுக்கு எண் தெரிந்தது, படிக்க முடியவில்லை. எது ஆறு, எது எட்டு என்று புரியவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டாள். அங்கே வந்து தேடி எழுப்பினார்கள். லைன் நின்று போயிருந்தது. "மேனேஜர்னா இருபத்திநாலு மணி நேரமும் போன் அடிக்கும்ப்பா. எனக்கு வேல புடிக்கும். நான் வேலைய விடல. பிளானிங்னு ஒரு டிபார்ட்மெண்ட் இருக்கு, பகல் வேலை. அங்கிட்டுக் கேக்கப் போறேன்."

நாகராசு கொட்டகைச் சுவரைக் காட்டினார். திருவிழா நோட்டீஸ் ஒட்டியிருந்தது. முதல் மரியாதை வீட்டு மண்டகப்படிக்கு நேரே அவர் பெயருக்குக் கீழே, ‘மகள் ராஜலட்சுமி பி.இ., புரொடக்ஷன் மேனேஜர்’ என்று அச்சாகியிருந்தது. தை மாதமே அச்சடிக்கக் கொடுத்தது. எப்படியும் ஆகிவிடும் என்று அவள் தைப்பொங்கலுக்கு வந்தபோது சொல்லியிருந்தாள். அவர் இரண்டு மாதம் முந்திக்கொண்டார்.

"சுத்துப்பட்டுப் பதினெட்டு ஊருக்கும் போயிருக்கு," என்றார்.

"நான் அடிக்கச் சொன்னனாப்பா?"

அவர் வரப்பில் இறங்கி நடந்துவிட்டார்.

வெள்ளியும் சனியும் அவர் மகளோடு பேசவில்லை. அவளும் கரைக்குப் போகவில்லை. தூங்கினாள், எழுந்தாள், தாளிக்காத ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டாள், கூடத்தில் உட்கார்ந்து முற்றத்தைப் பார்த்தாள், மறுபடி தூங்கினாள். பிள்ளை பெற்ற பெண்களிடம்தான் இப்படி ஒரு தூக்கத்தை நாகராசு பார்த்திருக்கிறார். அவர் மோட்டார்க் கொட்டகையிலேயே இருந்தார். ஆத்மநாதன் அந்தப் பக்கம் வந்து, "மேனேஜரம்மா எப்பக் கெளம்புது?" என்று கேட்டார். காப்பு அவிழ்த்ததும் என்று மட்டும் சொன்னார் நாகராசு. ஆத்மநாதன் போன பிறகு, யாரிடமாவது இதைச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்த்தார். அறுபத்தேழு வயதில் ஊரில் அவருக்குத் தெரியாத ஆளில்லை. சொல்லக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை. நிமிர்ந்து நடந்த மனுசனிடம் யாரும் தோளில் கைபோட்டுப் பேசியதில்லை. அவரும் அதற்கு இடம் கொடுத்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது செவந்தியிடம் சொன்னார், மகளுக்கு இப்படி இப்படியாம் என்று. அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, தெரியும் என்றாள்.

"எப்பத் தெரியும்?"

"தையிலயே எங்கிட்டச் சொன்னுச்சு. முடி கொட்டுது, தூக்கம் வல்லம்மான்னு. நான் கரைக்கு ஏறுனா கம்பெனிக் கக்கூசுக்குள்ளருந்து போன் பண்ணும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சுருப்பீங்க?"

அவர் யோசித்தார். நோட்டீஸுக்கு ஆள் அனுப்பியதும் அந்தத் தையில்தான். கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜலட்சுமி கூடத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். அடித்தாள், மறுபடி எழுதினாள். வெளியே கிளம்பிய நாகராசு நின்றார்.

"கம்பெனிக்கா?"

"ஆமாப்பா. எழுதிட்டுக் கரையில போயி அனுப்பணும்."

"வாசி."

ஆங்கிலத்தில் எழுதியதை அவள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். இத்தனை வருடம் ஷிப்ட் நடத்தியிருக்கிறேன், கொடுக்க முன்வந்த பதவிக்கு நன்றி, இப்போது அதை ஏற்கவில்லை, பிளானிங் பிரிவில் இதே நிலையில் பகல் வேலை கேட்கிறேன், வேலை நேரத்துக்குப் பிறகு அவசரத்துக்கு மட்டும்தான் பேசுவேன். கடைசி வரிக்கு வந்ததும் குரல் இறங்கியது. உங்களை ஏமாற்றியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

"யாரு யார ஏமாத்துனது?"

"அது வழக்கம்ப்பா. அப்படித்தான் எழுதுவாங்க."

"நம்ம வீட்டுல வழக்கமில்ல. அத அடி."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். போகிறவர் போகவில்லை.

"அன்னைக்கு எழுப்ப வந்தேன்ல. கண்ணத் தொறக்காம என்னைய சாருன்ன."

"நானா?"

"ரெண்டு நிமிசம் சாருன்ன. இந்த வீட்டுல பொறந்தவ தூக்கத்துல எவனுக்கும் பதில் சொல்ல வேண்டாம்."

அவள் அந்தக் கடைசி வரியை அடித்தாள். பிறகு, நோட்டீஸுக்கு என்ன செய்வது என்று மெல்லக் கேட்டாள்.

"அது நான் அடிச்சது. கேக்குறவனுக்கு நான் சொல்லிக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை காப்பு அவிழ்த்தார்கள். முளைப்பாரியைக் கண்மாயில் கரைக்கத் தண்ணீர் போதாமல், நடுக்குழி வரை நடந்து போய்க் கரைத்தார்கள். பரிவட்டம் கட்டி நின்ற நாகராசிடம் ஆத்மநாதன் எல்லோருக்கும் கேட்கிறாற்போல மேனேஜரைப் பற்றி விசாரித்தார். "மேனேஜர் இல்ல. குடுத்தாங்க, வேண்டாம்னுருச்சு," என்றார் நாகராசு. ஆத்மநாதன் அடுத்த கேள்வி கேட்பதற்குள் பூசாரி விபூதித் தட்டை நீட்டிவிட்டார். நாகராசு நெற்றியில் பூசிக்கொண்டு, எப்போதும்போல நேராக நடந்து வீட்டுக்குப் போனார். அந்தப் பரிவட்டம் அன்று அவருக்குக் கனமாக இருந்தது.

புதன்கிழமை ராஜலட்சுமி கிளம்பினாள். மேலதிகாரி மூன்று முறை கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். கடைசியில் பிளானிங் கொடுத்தார்கள். மேனேஜர் வேலை ஐப்பசியில் அன்புச்செல்விக்குப் போயிற்று. வேலை முடிந்ததும் ஒரு கைப்பேசியை ராஜலட்சுமி அணைத்துவிடுகிறாள். இன்னொன்றில் தினம் எட்டு மணிக்கு வீட்டுக்குப் பேசுகிறாள். பேசவென்றே நாகராசு கண்மாய்க் கரைக்கு ஏறுகிறார். மழை பெய்ததா என்று அவள் கேட்பாள், இல்லை என்பார். சாப்பிட்டாயா என்று அவர் கேட்பார், சாப்பிட்டேன் என்பாள். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வருவதில்லை. ஆனாலும் யாரும் முதலில் வைப்பதில்லை. அங்கே அவள் அறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் அவருக்குக் கேட்கும். இங்கே தவளைச் சத்தம் அவளுக்குக் கேட்கும்.

ராஜலட்சுமியைக் கம்பெனியில் பதவி இறக்கிவிட்டார்கள் என்று இலுப்பூர் வரைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. நோட்டீஸில் முந்திப் போட்டது நாகராசு. பதவியை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தது ராஜலட்சுமி. அவளை யாரும் இறக்கவில்லை.